பழைய ராணுவ ஆம்புலன்ஸ் வாங்குகிறீர்களா? கிரான் முதல் ரோட் டேக்ஸ் வரை ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் பழைய ராணுவ ஆம்புலன்ஸ் எப்போதாவது ஒன்று விலைக்கு வரும். ஏலத்தில் எடுத்த யாரோ ஒருவர் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் போட்டு வைத்திருப்பார். இல்லையென்றால் தோட்டத்துச் சாமான் ஏற்ற வாங்கி, லோரி வந்த பிறகு உரக்கொட்டகை ஓரமாக ஒதுக்கியிருப்பார்கள். விலையைக் கேட்டால் மலிவாகத்தான் தெரியும். ஆனால் அந்த விலைக்கு உங்களுக்குக் கிடைப்பது இரும்பும் அலுமினியமும் மட்டுமா, சாலையில் ஓட்டும் உரிமையும் சேர்த்தா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பாடுபட வேண்டும்.

அப்படி ஒரு வண்டியை என் பெயருக்கு மாற்றிச் சாலையில் ஏற்றுவதற்குள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே நிறையவே அலைந்துவிட்டேன். எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே நான் பேசுவது லேண்ட் ரோவர் 109 ஆம்புலன்ஸைப் பற்றி. வேறு ரக ராணுவ ஆம்புலன்ஸாக இருந்தால் இயந்திர விவரம் மாறும். காகித வேலை ஏறக்குறைய இதேதான்.

1. போனிலேயே கேட்டுவிடுங்கள்

நேரில் போவதற்கு முன் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: கிரான் (வாகன உரிமைச் சான்று), சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) நம்பர், எஞ்சின் நம்பர், கடைசி ரோட் டேக்ஸ் (சாலை வரி). வண்டியின் படத்தை நீங்கள் கேட்காமலே அவர் அனுப்புவார், அது முக்கியமில்லை.

"கிரான் இருக்குதா அண்ணே?" என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். "இருக்கு, அனுப்புறேன்" என்பது நல்ல பதில். "இருக்கு தம்பி, வீட்டுல எங்கேயோ வச்சிருக்கேன், நீங்க முதல்ல வண்டிய வந்து பாருங்க" என்றால் அவசரப்பட்டுப் போகாதீர்கள், அது கிடைத்த பிறகு போகலாம். "ஆர்மி வண்டிக்கு ஏது கிரான்? லெட்டர் இருக்கு" என்று சொன்னால் அடுத்த பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

விலை பேசுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் விலை பேச முடியாது. ஒரே வண்டி கிரானோடு ஒரு விலை, இல்லாமல் அதில் பாதிகூட இல்லை.

2. காகிதம் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லாமே இங்கேதான் முடிவாகிறது. என் அனுபவத்தில் நான்கு வகை உண்டு.

முதல் வகை: ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) ஏற்கெனவே பதிவாகி, சாதாரண நம்பர் பிளேட்டோடு, உயிருடன் இருக்கும் ஒருவர் பெயரில் உள்ள வண்டி. இதுதான் சுலபமானது. கிரானில் உள்ள சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், எஞ்சின் கொள்ளளவு, எரிபொருள், நிறம் ஆகிய ஐந்தையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவில் பழைய லேண்ட் ரோவர்களுக்கு ஜப்பானிய டீசல் எஞ்சின் மாற்றிப் போடுவது சர்வசாதாரணம். கிரானில் 2286 சிசி பெட்ரோல் என்று இருக்கும், பானெட்டைத் திறந்தால் உள்ளே இசுஸு டீசல் உட்கார்ந்திருக்கும். இந்த மாற்றம் ஜேபிஜே பதிவில் ஏறாமல் இருந்தால் பெயர் மாற்றப் பரிசோதனையில் வண்டி நின்றுவிடும். அதைச் சரிசெய்யும் வேலை விற்பவருடையது. "நீங்க வாங்கிட்டு மாத்திக்குங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது வகை: கிரான் இருக்கும், பெயருக்கு உரியவர் இல்லை. நம் தோட்டப் பக்கத்தில் இது அதிகம். அப்பா பெயரில் இருக்கும், அப்பா காலமாகி வருடக்கணக்காகியிருக்கும், மகன் விற்பார். நல்ல மனிதராகவே இருப்பார். ஆனாலும் சட்டப்படி அவருக்கு விற்கும் உரிமை இன்னும் வரவில்லை. காலமானவரின் சொத்து அசையும் சொத்து மட்டுமாக இருந்து, உயில் இல்லாமல், மொத்த மதிப்பு 600,000 ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால் அமானா ராயா (அரசு அறங்காவல் நிறுவனம்) வழியாக முடிக்கலாம். நிலம், வீடு இருந்தால் நில அலுவலகமோ நீதிமன்றமோ போக வேண்டியிருக்கும். எந்த வழியாக இருந்தாலும் மாதக்கணக்கு ஆகும், எல்லா வாரிசுகளும் ஒத்துழைக்க வேண்டும். வண்டி உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தால் காத்திருங்கள், ஆனால் முழுப்பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கிரான் ஒரு தோட்டக் கம்பெனியின் பெயரில் இருப்பதும் இதே வகைதான். தோட்டம் கைமாறியிருக்கும், கம்பெனி பெயர் மாறியிருக்கும், சில சமயம் கம்பெனியே மூடப்பட்டிருக்கும். கம்பெனியின் பதிவு ஆவணமும், இன்னார் கையெழுத்துப் போடலாம் என்ற அதிகாரக் கடிதமும் வேண்டும். தோட்ட மேனேஜரோ பெரிய கிராணியோ (தலைமை எழுத்தர்) கொடுக்கும் கடிதம் ஜேபிஜே கவுண்டரில் எடுபடாது.

மூன்றாவது வகை: ஜேபிஜே-யில் பதிவே ஆகாத வண்டி. ராணுவ வண்டிகள் Z எழுத்தில் தொடங்கும் நம்பரோடு ராணுவத்தின் சொந்தப் பதிவில் இருப்பவை. அவற்றைக் கழிக்கும்போது டெண்டர் அல்லது ஏலம் வழியாக விற்கிறார்கள். எடுத்தவர் ஜேபிஜே பதிவு செய்யாமலே இன்னொருவருக்கு விற்பார், அவர் அடுத்தவருக்கு விற்பார். இப்படிக் கைமாறி வரும் வண்டிக்கு ஒரு காகிதச் சங்கிலி வேண்டும்: டெண்டர் கிடைத்ததற்கான கடிதம், பணம் கட்டிய ரசீது, முகாமிலிருந்து வண்டியை விடுவித்த கடிதம், அதன் பிறகு நடந்த ஒவ்வொரு விற்பனைக்கும் எழுத்து ஆவணம். ஒவ்வொன்றிலும் சேசிஸ் நம்பர் எழுதியிருக்க வேண்டும். "ஒரு ஆம்புலன்ஸ்" என்று மட்டும் எழுதிய ரசீது எந்த வண்டிக்கும் பொருந்தும், அதனால் அது எதற்கும் உதவாது.

நான்காவது வகை: ஸ்க்ராப்பாக விற்கப்பட்ட வண்டி. டெண்டர் கடிதத்தை முழுதாக வாசியுங்கள், பின்பக்கத்து நிபந்தனைகளையும் விடாதீர்கள். மலாயில் 'செகெராப்' என்றோ 'பெசி புரோக்' என்றோ எழுதியிருந்தால் அந்த வண்டி இரும்பாக விற்கப்பட்டது, சாலையில் ஓட்டுவதற்காக இல்லை. கோயில் வளாகத்திலோ சாப்பாட்டுக்கடை வாசலிலோ காட்சிக்கு நிறுத்த, அல்லது இன்னொரு வண்டிக்குச் சாமான் எடுக்க வாங்கலாம். பதிவாகும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

மூன்றாவது வகை வண்டியென்றால் ஒரு காரியம் கட்டாயம் செய்யுங்கள். எல்லா ஆவணங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு, பணம் கொடுப்பதற்கு முன்பே ஈப்போ ஜேபிஜே-க்குப் போங்கள். வண்டியைப் பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வழிப் பதில் வேண்டாம். இன்று கவுண்டரில் இருப்பவர் அடுத்த மாதம் வேறு பகுதிக்கு மாறிப் போயிருப்பார். கடிதத்துக்குப் பதில் வர வாரக்கணக்காகும். "வேற ஆள் கேக்குறாரு, நாளைக்கே முடிவு சொல்லுங்க" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் அந்த வேறு ஆளுக்கே போகட்டும்.

3. கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

வண்டி நம்பரை வைத்து போலீஸ் சம்மன் (அபராத நோட்டீஸ்), ஜேபிஜே சம்மன் இரண்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது. விற்பவரையே பார்க்கச் சொல்லி, திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரோட் டேக்ஸ் பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படாத வண்டியென்றால், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் கவுண்டரில் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடம் கொட்டகையில் கிடந்த வண்டிக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம்.

4. நேரில் பார்க்கும் நாள்

காலையில் போங்கள். "வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதை அன்று உங்களால் தெரிந்துகொள்ள முடியாது. இன்னொரு நாள் போங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: டார்ச் லைட், சிறிய சுத்தியல், காந்தம், பழைய துணி, அளவு டேப். முடிந்தால் பழைய லேண்ட் ரோவர் தெரிந்த ஃபோர்மேன் (மெக்கானிக்) ஒருவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு அரைநாள் கூலி கொடுப்பது இந்த முழுச் செலவிலும் மிக லாபமான செலவு.

முதலில் நம்பர்கள். சேசிஸ் நம்பர் வலதுபக்க முன் ஸ்பிரிங் பிடிக்கும் சேசிஸ் நுனியில் அடிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் நம்பர் எஞ்சின் கட்டையின் முன்பக்கத்தில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அருகே இருக்கும். இரண்டிலும் மண்ணும் பெயின்டும் அப்பியிருக்கும், துணியால் துடைத்துப் படியுங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் வெல்டிங் தழும்போ, கிரைண்டர் தேய்த்த பளபளப்போ தெரிந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். நம்பர் தெரியாத அளவுக்குத் துரு தின்றிருந்தாலும் அதே கதைதான், பரிசோதனை மையம் ஏற்காது.

அடுத்தது சேசிஸ். இந்த வண்டியின் வெளி உடம்பு பெரும்பாலும் அலுமினியம். அது துருப்பிடிக்காது, அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி நன்றாகவே தெரியும். உயிர் இருப்பது அடியில் உள்ள இரும்புச் சேசிஸில்தான். கீழே படுத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே இற்றுப்போனது மந்தமாகச் சத்தம் தரும். பின்பக்கக் குறுக்குச்சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகள் இந்த மூன்றும்தான் முதலில் போகும். சேசிஸ் பெட்டி வடிவில் இருப்பதால் உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே கறுப்புப் பெயின்ட் புதிதாக மினுமினுக்கும். அடிப்பாகத்தில் புதுக் கறுப்புப் பெயின்டைப் பார்த்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

உரக்கொட்டகையில் நின்ற வண்டியென்றால் இரட்டைக் கவனம் வேண்டும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. நம் ஊர் ஈரக்காற்றில் அந்தத் தூள் இரும்பில் ஒட்டினால் கடற்கரையில் நிறுத்தியதற்குச் சமம். வெளியே மழையில் நனைந்த வண்டியைவிட உரத்துக்குப் பக்கத்தில் கூரைக்குக் கீழே நின்ற வண்டி மோசமாக இருக்கலாம். "கூரைக்குக் கீழேதான் நின்னுச்சு" என்று சொன்னால் எந்தக் கூரை என்று கேளுங்கள்.

காந்தம் எதற்கு? டிரைவர் காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புத் தகடும் கதவுத் தூண்களும் இரும்பு. அங்கே காந்தம் ஒட்டவில்லை என்றால் பெயின்டுக்கு அடியில் இருப்பது மக்கு (ஓட்டையை அடைக்கும் புட்டி). அலுமினியமும் இரும்பும் சேரும் ஆணி வரிசைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போவதன் அடையாளம் அது. ஓரளவுக்கு எல்லா வண்டியிலும் இருக்கும். விரலால் அழுத்தினால் பொடிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

இப்போது ஆம்புலன்ஸ் பெட்டி. இது சாதாரண லேண்ட் ரோவரில் இல்லாத பகுதி, வண்டிக்கு மதிப்பு தருவதும் இதுதான். பிரிட்டிஷ் ராணுவ வடிவத்தில் இந்தப் பெட்டிகளைக் கேம்பிரிட்ஜில் உள்ள மார்ஷல் நிறுவனம் கட்டியது. டிரைவர் கேபினைவிட அகலமாக, அதன் கூரைக்கு மேலும் நீண்டு இருக்கும். உள்ளே ஸ்ட்ரெச்சர் தண்டவாளம், மடக்கும் தாங்கி, பூட்டுக்கொக்கி, உள்விளக்கு, பின்கதவுப் படி எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சின் சாமான் இன்றும் வாங்கலாம். ஸ்ட்ரெச்சர் சாமான் சுலபத்தில் கிடைக்காது. உள்ளே எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு நீளப் பெஞ்சு போட்டிருந்தால் அது ஆம்புலன்ஸ் விலைக்குரிய வண்டி இல்லை, அப்படிச் சொல்லியே விலை கேளுங்கள்.

கூரைத் தையல்களில் தண்ணீர்க் கறை, தரைப் பலகையில் மெத்தென்று அமுங்கும் இடம், சுவர் இடுக்கில் எலிக்கூடு ஆகியவற்றையும் பாருங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கும். மின்வேலை முழுவதையும் புதிதாகப் போட வேண்டி வந்தால் அது தனிப் பெருஞ்செலவு.

கடைசியாகப் பேட்டரி. சில ராணுவ லேண்ட் ரோவர்கள் 12 வோல்ட், ரேடியோவுக்காகத் தயாரானவை 24 வோல்ட். 24 என்றால் இரண்டு பேட்டரி தொடராக இணைந்திருக்கும். பல்பு, ஹாரன், ரிலே எல்லாம் லோரிச் சாமான் கடையிலேயே கிடைக்கும், ஏனென்றால் பெரிய லோரிகள் ஓடுவதும் 24 வோல்ட்டில்தான். ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும்தான் தேடிப் பிடிக்க வேண்டியவை. பாதி 12, பாதி 24 என்று யாரோ கலந்துகட்டி வைத்திருந்தால் விலையில் நன்றாகக் குறையுங்கள்.

5. ஓட்டிப் பாருங்கள், ஆனால் தோட்டத்துக்குள்

ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஏற்றாதீர்கள். "இங்கேருந்து கோயில் வரைக்கும்தானே" என்பார்கள். ஏதாவது நடந்தால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிச் செம்மண் பாதையில் ஓட்டிப் பாருங்கள். நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்கவும் அதுதான் சரியான இடம். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பகுதி) கிடையாது, காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் பல்சக்கரங்கள் வீணாகும்.

மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரம். சிவப்புப் பிடி மெதுவேகக் கியர், வண்டியை முழுதாக நிறுத்திவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். 1971-க்கு முந்தைய வண்டியில் முதல், இரண்டாம் கியர்களுக்குச் சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் பகுதி) இல்லை, கரகரவென்று சத்தம் வந்தால் அது பழுதாகத்தான் இருக்கும் என்று இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக வெளியே குதித்தால் அது கியர்பாக்ஸ் பழுது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, புகை நீலமாக வருகிறதா, முன்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள உருண்டையில் எண்ணெய் வழிகிறதா என்று கவனியுங்கள்.

டீசல் வண்டியென்றால் ஒன்று: நம் நாட்டு டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது. நெடுநாள் நின்ற பழைய டாங்கியின் அடியில் படிந்த கசடை அது கரைத்துக் கிளப்பிவிடும். வாங்கியதும் டாங்கியைக் கழற்றிக் கழுவுங்கள், ஃபில்டர் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

6. பணம் கொடுப்பதற்கு முன் கணக்கு

வண்டி விலையைத் தாளின் மேலே எழுதாதீர்கள், அடியில் எழுதுங்கள். மேலே எழுத வேண்டியவை இவை.

ரோட் டேக்ஸ்: தீபகற்பத்தில், தனியார் பெயரில், சலூன் (சாதாரணக் கார்) அல்லாத வண்டியாக 2286 சிசி பதிவாகியிருந்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 670 ரிங்கிட் வரும். கிரானில் வண்டி வகை என்னவென்று எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்து இது மாறும். 'ஆம்புலன்ஸ்' என்றே பதிவாகியிருந்தால், தனியார் வண்டியாக வகை மாற்றாமல் உங்கள் பெயருக்கு வருமா என்று முதலில் கேளுங்கள்.

டயர்: 7.50-16 அளவு. ஐந்தும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வரிப்பள்ளம் ஆழமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், நின்றே கிடந்த டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கும்.

பிரேக்: ஷூ, சிலிண்டர், குழாய் எல்லாம் புதிது. இதில் சிக்கனம் கூடாது.

பெட்ரோல்: 100 கிலோமீட்டருக்கு 16 முதல் 20 லிட்டர். வார இறுதியில் ஓட்டும் வண்டிக்குத் தாங்கும், தினமும் வேலைக்குப் போய்வரத் தாங்காது.

சாமான்: கோலாலம்பூர், ஈப்போ பக்கம் பழைய லேண்ட் ரோவர் சாமான் கடைகள் உண்டு. இல்லாததை இங்கிலாந்திலிருந்து தருவிக்கலாம். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணையக் கொள்முதலுக்கும் 1.1.2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதைத் தாண்டினால் சுங்கக் கணக்கு தனி. கனமான சாமானுக்குக் கப்பல் செலவு சாமான் விலையையே மிஞ்சும். அதனால்தான் சேசிஸை அவ்வளவு தட்டிப் பார்க்கச் சொன்னேன். சேசிஸ் மாற்றும் செலவு வண்டி விலையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

இழுவை லோரி: வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு தடவை, பரிசோதனைக்கு ஒரு தடவை, தோற்றால் மறுபடி. மூன்று நடைக்குப் பணம் ஒதுக்குங்கள்.

இத்தனையும் கூட்டிய பிறகு கையில் மிஞ்சுவதுதான் வண்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய விலை.

7. முன்பணமும் ஒப்பந்தமும்

முன்பணம் சிறியதாக இருக்கட்டும். ஒரு பக்க ஒப்பந்தம் போதும், ஆனால் அதில் இருவரின் அடையாள அட்டை எண், வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், விலை, மீதிப் பணம் எப்போது என்பதெல்லாம் இருக்க வேண்டும். 'ஜேபிஜே-யில் பெயர் மாற்றம் நடக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்' என்ற வரி கட்டாயம். மூன்றாவது வகை வண்டியென்றால், தான் எப்படி வாங்கினேன் என்று விற்பவர் சத்தியப் பிரமாணம் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட வேண்டும். பட்டணத்தில் அப்படிப்பட்டவர் இருப்பார், கட்டணம் சொற்பம்.

தெரிந்தவரிடம் எழுத்தில் கேட்பது நம் பக்கத்தில் கொஞ்சம் சங்கடம்தான். "என்னை நம்பலையா?" என்பார். "உங்களை நம்புறேன் அண்ணே, கவுண்டர்ல காகிதம் கேப்பாங்க" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

8. பரிசோதனை, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம்: இந்த வரிசையிலேயே

முதலில் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் பெயர் மாற்றப் பரிசோதனை. இதற்கு பி5 என்று பெயர். இணையத்தில் நேரம் பதிவு செய்யுங்கள். பரிசோதனை முடிவுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதற்குள் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். இதில் பலரும் தடுமாறுவார்கள். இவ்வளவு பழைய வண்டிக்குப் பல நிறுவனங்கள் இணையத்தில் விலையே காட்டாது. பட்டணத்து ஏஜென்டிடம் போய் மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு கேளுங்கள். அவராலும் முடியாவிட்டால் யாரும் ஏற்காத வண்டிகளுக்கென்றே இருக்கும் மலேசிய மோட்டார் இன்சூரன்ஸ் பூல் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். பரிசோதனைக்கு முன்பே ஏஜென்டிடம் பேசி வைத்தால் நாள் மிச்சமாகும்.

பிறகு ஜேபிஜே. விற்பவரும் வாங்குபவரும் அடையாள அட்டையோடு நேரில் போய்க் கைரேகை வைப்பது பாதுகாப்பான வழி. கிரான், பரிசோதனை முடிவு, இன்சூரன்ஸ், பெயர் மாற்றப் படிவம், எல்லாவற்றுக்கும் ஒரு நகல். கைரேகை பதிவானதும் அங்கேயே மீதிப் பணத்தைக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். நம் விரல்களில் ரேகை தேய்ந்திருப்பதும் உண்டு, ரப்பர் பால் வெட்டியவர்களுக்கு இது வழக்கம். விற்பவர் வயதானவர் என்றால், ரேகை பதியாவிட்டால் என்ன செய்வது என்று கவுண்டரில் முன்பே கேட்டு வையுங்கள். அவரை வெயிலில் இரண்டாவது தடவை ஈப்போவுக்கு இழுத்தடிக்க வேண்டாம்.

ரோட் டேக்ஸை அன்றே எடுத்துவிடலாம். ஓட்டுவதற்கு டி வகை லைசென்ஸ் போதும், வண்டியின் வெற்று எடை 3,500 கிலோவுக்குள்தான்.

9. சாலையில் ஏற்றுவதற்கு முன் அழிக்க வேண்டியவை

சிவப்புச் சிலுவையோ சிவப்புப் பிறையோ வண்டியில் இருந்தால் பெயின்ட் அடித்து மறையுங்கள். பழைய வண்டிக்கு அதுதானே அழகு என்று தோன்றும். ஆனால் அந்தச் சின்னம் அலங்காரம் இல்லை. போர்க்களத்தில் 'இதன் மேல் சுடாதே' என்று சொல்வதற்காக 1949 ஜெனிவா உடன்படிக்கை பாதுகாத்து வைத்திருக்கும் அடையாளம். நம் நாட்டிலும் 1962 ஜெனிவா உடன்படிக்கைகள் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம். யாரும் பிடிப்பார்களா என்று பார்க்காதீர்கள். அந்தச் சின்னம் காணும் இடமெல்லாம் ஒட்டப்பட்டால், உயிருக்குப் போராடுகிற ஒருவரை ஏற்றிப் போகும் வண்டிக்கு அது தரும் காவல் பலவீனமாகும்.

சைரனையும் சுழல் விளக்கையும் கழற்றுங்கள். ஒயரைத் துண்டித்துவிட்டு அப்படியே விட்டாலும் பரிசோதனையில் கேள்வி வரும். கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். முன்புறம் 'ஆம்புலன்ஸ்' என்ற எழுத்து இருந்தால் அதையும் மறையுங்கள். விபத்து நடந்த இடத்தில் மக்கள் உங்கள் வண்டியை நம்பி வழிவிட்டு, உதவிக்காக ஓடிவந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது.

Z நம்பர் பிளேட், படைப்பிரிவுச் சின்னம் இரண்டும் எடுக்கப்பட வேண்டியவை. நிறம் மாற்றினால் கிரானிலும் மாற்றுங்கள்.

தைப்பூசத்துக்கு முதலுதவி வண்டியாக விடலாமா என்று கோயில் கமிட்டிக்காரர்கள் கேட்பார்கள். முதலுதவிக் குழுவின் சாமான்களை ஏற்றி ஓரமாக நிறுத்தலாம். நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வேலைக்கு மட்டும் தர வேண்டாம், அதற்கு 999 அவசர எண்ணை அழைக்கட்டும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டுப் போர்ச் (வண்டி நிறுத்தும் முன்கூரை) உயரத்தை வண்டி வருவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் பெட்டி சாதாரண ஜீப்பைவிட உயரம், பேரங்காடிகளின் மாடிக் கார்நிறுத்தத்தில் தொங்கும் உயரத்தடுப்பையும் கவனியுங்கள்.

பிரேக் வேலையை முதலில் செய்யுங்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதுவது ஒர்க்‌ஷாப்புகளில் பழக்கம். அதைச் செய்ய விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடச் சொல்லுங்கள். முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள்.

கூரைத் தையல் அடைக்கும் வேலையை மழை குறைந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். பேராக்கில் அக்டோபர், நவம்பர் வேண்டாம். சீனப் புத்தாண்டுக்கு முன் வண்டியைப் பிரித்துப் போடாதீர்கள், ஃபோர்மேன் கடை நீண்ட விடுமுறையில் இருக்கும், உங்கள் எஞ்சின் துண்டுதுண்டாகத் தரையில் கிடக்கும்.

பெயர் மாற்றம் முடிந்த அன்றே டெண்டர் கடிதம் முதல் ரசீது வரை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரு நகலை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். அசல் கிரானை வண்டிக்குள் வைக்காதீர்கள்.